கடலுக்கடியில் கேட்ட மெட்டல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் ஹெவி மெட்டல் இசைத்தட்டுகள் விற்கும் கடையில் விமர்சனம் எழுதச் சேர்ந்தபோது, என் மெட்டல் அறிவெல்லாம் நேர்காணலுக்குப் போட்டுப்போன கறுப்பு டி-சேர்ட் மட்டும்தான்.

யூரோ வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். கடையை நடத்தியவர் தர்சினி. இங்கேயே வளர்ந்த பிள்ளை, என்னைவிட இளையவர். என் தகுதிகாண் காலம் முடியப் போகிற வாரத்தில், மறுபதிப்பாக வந்த ஓர் இரட்டை இசைத்தட்டைக் கொண்டுவந்து வைத்தார்.

"அண்ணை, இது மெட்டலில பெரிய கிளாசிக். வெப்சைட்டுக்கு நல்லா எழுதுங்கோ. இதைப் பாத்துத்தான் உங்களை வச்சிருக்கிறதோ எண்டு முடிவெடுப்பன்."

பின்னறையில் ஹெட்போனை மாட்டினேன். வெளியே மழை. கிட்டார்கள் மூடுபனிக்குள் சரக்கு ரயில்போல மெல்ல மெல்ல வந்தன. ட்ரம்ஸ் ஒவ்வோர் அடியையும் யோசித்து யோசித்துப் போட்டது. பாடகரின் வீறிடல் உலகப் புகழ்பெற்றது என்று உறையில் இருந்தது; எனக்கோ, கடலடியில் படுத்திருக்கும் கிழட்டுப் பூதம் ஒன்று கொட்டாவி விடுவதுபோல் கேட்டது. ஜன்னலில் வழிந்த தண்ணீரும் அதே தாளத்தில் இறங்கியது. நானும் கூடவே இறங்கினேன். இத்தனை வருடமாக உலகம்தான் இதைப் பிழையாகக் கேட்டிருக்கிறது என்று முடிவுகட்டி, 'வேகத்தைப் புகழ்கிறார்கள். இதன் பெருமையே நிதானம்தான்' என்று எழுதினேன்.

தர்சினி வாசித்தார். எழுந்துபோய் பிளேயரைப் பார்த்தார்.

"அண்ணை, இது நிமிசத்துக்கு நாப்பத்தைஞ்சு சுத்து வேகத்தில ஓட்டிற தட்டு. நீங்கள் முப்பத்துமூண்டில விட்டிருக்கிறியள்!"

ஹெட்போன் வயரைப் பிடுங்கிவிட்டு வேகப் பொத்தானை அழுத்தினார். பூதம் துள்ளியெழுந்து வீறிட்டது. நான் கதிரையோடு பின்னால் போனேன்.

"ஐயோ, இது ஆர், பிள்ளை?"

"நீங்கள் நித்திரையாக்கினவர்தான்."

சரியான வேகத்தில் திரும்பத் திரும்பக் கேட்டேன். அந்தப் பாய்ச்சலுக்கு அடியில் பேஸ் கிட்டார் ஆறுதலாக நடந்துகொண்டிருந்தது. மெதுவாகக் கேட்டிராவிட்டால் அது என் காதில் விழுந்தே இராது. அதை மட்டும் வைத்துப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். இளையவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு: தட்டை எடைபோடுமுன் அதன் லேபிளை வாசியுங்கள். ஆனால் நல்ல ஆல்பம், மடையன் கையில் அகப்பட்டாலும் ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போகும்.

தர்சினி இரண்டுதரம் வாசித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப, திங்கக்கிழமை நான் வாறதோ?" என்று கேட்டேன்.

"வாங்கோ, பிளேயரில மட்டும் கை வையாதேங்கோ."