வின்ச் டிரைவரின் தூக்கம்

சிவஞானத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். அந்த யோசனையைச் சொன்னது நான்தான். விளையாட்டாகத்தான் சொன்னேன். விளையாட்டுக்குக்கூட வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம்.

1964-இல் அந்தமானில், பாராடாங் தீவுக் காட்டுக்குள் மரம் வெட்டும் கேம்ப் ஒன்றில் நான் டைம்கீப்பர், சிவஞானம் வின்ச் டிரைவர். வெட்டிய மரங்களை யானைகள் இழுத்து வந்து மேட்டில் போடும். அவற்றை இரும்புக் கயிற்றில் கட்டி, சரிவு வழியே ஓடைக்கரைக்கு மெல்ல இறக்குவது அவன் வேலை. பிரேக்கை ஒரு நொடி தாமதமாக அழுத்தினாலும் கீழே நிற்கிறவர்கள் கதி அவ்வளவுதான். மாயவரம் பக்கம் ரைஸ் மில்லில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கப்பலேறி வந்தவன். வந்து ஆறு வருஷமாகியும் அவன் கையால் ஒரு ஆளுக்குச் சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. அந்தப் பெருமையை அவன் தினமும் ஒரு தடவையாவது என் காதில் போடுவான்.

நாங்கள் இருந்தது பலகையால் அடித்த நீளமான பேரக்ஸ். ஒரு கோடியில் என் அறை, நடுவில் சிவஞானம், அந்தக் கோடியில் யானைப்பாகன் உதுமானும் அவன் மனைவி பஷீராவும். உதுமான் பொள்ளாச்சிப் பக்கத்து ஆள். அவனுடைய யானை பகதூர், நல்ல உயரமான கொம்பன். பொழுது சாய்ந்ததும் முன்னங்கால்களில் விலங்கு மாட்டி மேய விட்டுவிடுவார்கள். கழுத்தில் ஒரு மரமணி தொங்கும். குடைந்த கட்டையின் இரண்டு பக்கமும் இரண்டு சிறு கட்டைகள் ஆடி ஆடி மோதும். விடிந்ததும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பாகன் யானை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பான்.

மற்ற யானைகள் தூரமாகப் போய் மேயும். பகதூருக்கு மட்டும் பஷீரா தரும் வெல்லத்தை விட்டுப் போக மனம் வராது. சிவஞானத்தின் அறைக்குப் பின்னால் இருந்த மூங்கில் புதரில்தான் இரவு முழுக்க நிற்கும். டொக், டொக், டொக் டொக். கொஞ்சம் நிற்கும். அப்பாடா என்று கண்ணை மூடினால் மறுபடி டொக்.

நான் படுத்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டேன். அவனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தான். வின்ச் கொட்டகையில் படுத்து, மலேரியாவோடு திரும்பி வந்தான். என் அறைக்குக் கட்டிலைக் கொண்டுவந்தான். என் குறட்டைக்கு யானையே தேவலை என்று மறுநாளே தூக்கிக்கொண்டு போய்விட்டான். கடைசியில் உதுமானிடமே போய் நின்றான்.

“பாய், ஒன் யானைய அந்தப் பக்கமா ஓட்டி விடேன். ரெண்டு மாசமா நான் தூங்கல.”

“ஓட்டி விட்டுப் பாத்துட்டனுங்ணா. ஓடையத் தாண்டித் திரும்பி வந்துர்றான். க்யா கரேகா, என்னதான் பண்றது, சொல்லுங்க? எனக்கு அந்தச் சத்தம் காதுல விழுந்தாத்தான் தூக்கமே வருது.”

ஒருவனுக்குத் தாலாட்டு, இன்னொருவனுக்குச் சித்திரவதை. நடுவில் ஒரு பலகைதான்.

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் உச்சியில் இருந்தபோது, மரம் ஒன்று கட்டுமீறிச் சரிந்தது. கீழே ராஞ்சிக்கார ஆள் ஒருவன் பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். மரம் அவனிடமிருந்து இரண்டு முழத்தில் நின்றது. அவன் பயந்ததைவிடச் சிவஞானம்தான் அதிகம் பயந்துபோனான். அரை நொடி கண் அசந்துவிட்டது என்று என்னிடம் மட்டும் சொன்னான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஜெகநாதா, என் கையால ஒருத்தன் சாகப் போறான். எனக்குத் தெரியுது.”

அழுதுவிடுவான் போல இருந்தது. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லத் துப்பில்லாமல் நான் கிண்டலில் இறங்கினேன்.

“அந்த மணியில ரெண்டு பக்கமும் கட்டை தொங்குதுல்ல? ஒரு துணிய எடுத்து ரெண்டையும் இறுக்கிக் கட்டிட்டுப் படு. இதுக்குப் போயி இவ்வளவு புலம்பலா?”

அவன் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது உதுமான் சொன்னான், “பகதூர் கன்னத்துல லேசா ஈரம் தெரியுதுங்க. மதம் வரும்போல இருக்குது. வெள்ளிக்கிழமையிலிருந்து கட்டிப் போட்டர்லாம்.” பஷீரா, “இன்னைக்கே கட்டுங்களேன்” என்றாள். இன்னும் இரண்டு நாள் வேலை வாங்கலாம், ஒன்றும் ஆகாது என்று அவன் சிரித்தான். சிவஞானம் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் காதிலும் அது விழுந்தது. தூக்கம் கெட்டவன் காதில் எது விழுந்து என்ன பயன்?

அன்று மாலை உதுமான் விலங்கு மாட்டிவிட்டு மஃரிப் தொழ உள்ளே போன நேரத்தில் சிவஞானம் ஒரு கட்டி வெல்லத்தோடு பகதூரிடம் போயிருக்கிறான். அதற்கு அவனிடம் பழக்கம் உண்டு, தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. வின்ச் துடைக்கும் காக்கித் துணியைக் கிழித்து இரண்டு கட்டைகளையும் மணியோடு சேர்த்துக் கட்டினான். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, உதுமான் கிளம்புவதற்குள் அவிழ்த்துவிடுவதாகத் திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் தூங்காதவன் படுத்தால் நாலு மணிக்கு எப்படி எழுவான்?

மறுநாள் காலை மூடுபனி. உதுமான் ஐந்து மணிக்குக் கிளம்பினான். மணிச் சத்தம் இல்லாததால் யானை எங்கோ தூரமாகப் போய்விட்டது என்று எண்ணி, மூங்கில் புதருக்குள் குறுக்கே எட்டு வைத்து வேகமாக நடந்திருக்கிறான். பகதூர் தூரமாக எங்கும் போகவில்லை. பத்தடிக்குள் நின்றுகொண்டிருந்தது. சத்தம் கேட்டிருந்தால் அவன் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துப் பேசிக்கொண்டு, பக்கவாட்டில் மெல்லப் போயிருப்பான். மதம் தொடங்கிய யானையின் முகத்துக்கு நேராகப் போய் முட்டிக்கொண்டு நின்றிருக்க மாட்டான்.

பிளிறல் கேட்டு எல்லோரும் ஓடினோம். நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. மற்றப் பாகன்கள் பகதூரைச் சுற்றி வளைத்துச் சங்கிலியில் கட்ட வெயில் ஏறிவிட்டது. அது அடங்கி நின்றபோதுதான் கழுத்துத் துணி என் கண்ணில் பட்டது, க்ரீஸ் படிந்த காக்கித் துணி. ரேஞ்சர் வருவதற்குள், ஈரம் துடைப்பதுபோல் பக்கத்தில் போய் அதை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யானைக்கு மதம் என்று ரிப்போர்ட் போயிற்று. எழுதியதும் நான்தான்.

சிவஞானம் அதன்பிறகு வின்ச்சைத் தொடவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள், கூலி ஆட்களோடு சேர்ந்து மரம் உருட்டப் போனான். என்னோடு பேச்சும் இல்லை. பகதூரை வேறு கேம்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புதர் பக்கம் சத்தமே இல்லை. பலகைக்கு அந்தப் பக்கம் பஷீரா அழுவது மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும். இப்போது எனக்கும் தூக்கம் போயிருந்தது.

உதுமானுக்கு நாற்பதாம் நாள் பாத்தியா ஓதி முடிந்தது. மறுநாள் அவளைப் போர்ட் பிளேருக்கு அழைத்துப்போய் மெட்ராஸ் கப்பலில் ஏற்றுவதற்கு அவள் தம்பி வந்திருந்தான். வழியனுப்பிவிட்டு வர நானும் சிவஞானமும் போனோம். அவள் மூட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே பேசினாள்.

“அன்னைக்கு ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவுறப்பவே மணிச் சத்தம் கேக்கலேன்னாருங்ணா. லாந்தரைக் கையில எடுத்துட்டாரு. நாந்தான், இருட்டுல போவ வேண்டாம், படுத்திருக்கும், விடியட்டும்னு புடிச்சு உக்கார வெச்சேன். எங்க போயிட்டானோன்னு ராத்திரி முச்சூடும் பொலம்புனாரு. அப்பவே போயிருந்தா வெளிச்சம் புடிச்சுப் பாத்துப் போயிருப்பாரு. நாந்தான் கொன்னுட்டேன். எங்க மாமியாருக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலீங்.”

நான் சிவஞானத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போய்விடலாம் என்ற அர்த்தத்தில்தான். நாளைக்குக் கப்பலேறப் போகிறவள், சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எனக்கு. அவன் என் கையைத் தட்டிவிட்டான்.

“நீ இல்லம்மா. மணியில துணியக் கட்டினது நான். தூக்கத்துக்காகக் கட்டினேன். வெள்ளன அவுத்துடலாம்னு இருந்தேன்.”

பஷீராவின் கை முடிச்சிலேயே நின்றது. தம்பி சரியாகப் புரியாமல் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கத்துவாள், அறைவாள், தம்பி அரிவாளைத் தேடுவான் என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். வெட்கமாக இருந்தாலும் நடந்தது அதுதான். யோசனை என்னுடையது என்று சொல்ல எனக்கு அப்போதும் வாய் வரவில்லை.

அவள் முடிச்சை இறுக்கிவிட்டுத் தலையை நிமிர்த்திச் சிவஞானத்தைப் பார்த்தாள்.

“அன்னைக்கு ராத்திரி தூங்குனீங்களாங்ணா?”

“தூங்கினேம்மா,” என்றான். “நல்லா தூங்கினேன்.”