காந்தமும் என் ரவிக்கை ஊக்கும்

எனக்குக் கூச்சம் அதிகம். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்தாலும் நிறுத்தச் சொல்ல வாய் வராது. யாராவது இறங்கினால் அவர்கள் பின்னாலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்துவிடுவேன். ஸ்ரீராம்புரத்தில் பாதித் தெரு எனக்குப் பழகியது அப்படித்தான்.

இப்படிப்பட்டவள் வேலைக்குச் சேர்ந்தது ராஜாஜிநகர் பக்கம், காந்தம் செய்கிற ஒரு ஷெட்டில். பெட்ரோல் இல்லாமல் கரண்டில் ஓடும் காரைப் பற்றி பெங்களூரில் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் காரின் மோட்டாருக்குள் செருகுவதற்குப் பலமான காந்தம் வேண்டும். முதலாளியும் மூன்று என்ஜினியர் பிள்ளைகளும் அதோடு மல்லுக்கட்டினார்கள். பலம் ஏறினால் காந்தம் உடைந்தது. உடையாமல் வந்தால் மோட்டார் சூட்டில் பலம் போனது. நான் பெருக்குவேன், காபி போடுவேன், காந்தங்களை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைப்பேன். படித்தது நாலாங்கிளாஸ். துடைக்க அது போதும்.

காந்த அறைக்குள் இரும்பு கூடாது. தாலிக்கயிற்றில் கோத்த ஊக்கு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

ஒருவழியாக உடையாத, சூடு தாங்குகிற காந்தங்கள் ஒரே ஒரு செட் தேறியது. அதைப் போட்டு மோட்டார் ஓடுவதைப் பார்க்க கார் கம்பெனிக்காரர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் ஷெட்டை மூட வேண்டியதுதான் என்று முதலாளி சொல்லியிருந்தார். அன்று பார்த்து என் ரவிக்கையில் கொக்கிகள் அறுந்துவிட்டன. அவசரத்தில் ஊக்கு குத்திக்கொண்டு வந்திருந்தேன்.

"எல்லாம் கழட்டியாச்சாம்மா?" என்று வாசலில் மூத்த என்ஜினியர் கேட்டான்.

தலையை ஆட்டினேன். வாய் திறந்து பொய் சொல்லவும் எனக்குக் கூச்சம்.

கடைசிக் காந்தத்தைத் துடைக்கையில் கொஞ்சம் கிட்டே பிடித்துவிட்டேன் போலிருக்கிறது. துள்ளி வந்து, புடவைக்கு மேலேயே, நெஞ்சில் டப்பென்று உட்கார்ந்துகொண்டது.

"அசையாதீங்கம்மா. தரையில விழுந்தா மூலை பேந்துடும். வேற காந்தம் இல்ல" என்று கத்தினான் மூத்தவன்.

"எதுல ஒட்டியிருக்கு? செயினா?" என்றான் இன்னொருவன்.

நான் தரையைப் பார்த்தேன். அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"நேரா இழுக்கக்கூடாதுடா, பக்கவாட்டுல தள்ளணும்."

"அப்ப தள்ளு" என்றான் மூத்தவன்.

"நானா? நீதானடா சீனியர்."

நாள் முழுக்கக் காந்தத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள், இப்போது ஒருத்தனும் கிட்டே வரவில்லை. சின்னவன் மர ஸ்கேலை நீட்டினான், பாம்பைத் தள்ளுகிறவன் மாதிரி. பாதியிலேயே அதையும் இழுத்துக்கொண்டான்.

முதலாளி வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்; அவசரத்தில் மட்டும் சும்மா என்பது சும்னே ஆகிவிடும். "அவங்க கேட்டுக்கு வந்துட்டாங்கம்மா. சும்னே நின்னா எப்படி?"

வெளியே கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. இவர்கள் இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் என் ரவிக்கையில் தொங்குகிறதே என்று நினைத்தேன்.

"எல்லாரும் செவுத்தப் பாத்து நில்லுங்க" என்றேன். என் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது. முதலாளி உட்பட எல்லோரும் திரும்பிக்கொண்டார்கள்.

ஊக்கைத் திறந்து உருவினேன். நடுவில் மாட்டிய முந்தானையின் ஓரம் வரை தள்ளியதும், ஊக்கும் காந்தமும் சேர்ந்தே கையோடு வந்தன. மூலை பெயரவில்லை. மரத்தட்டில் வைத்துவிட்டு, ரவிக்கையை இடது கையால் இறுக்கிப் பிடித்து முந்தானையால் மூடிக்கொண்டேன். திரும்பலாம் என்று சொல்வதற்குள் கதவைத் திறந்துகொண்டு கோட்டுப் போட்டவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள்.

"என்ன சார், பூஜையா?" என்றார் ஒருவர்.

"ஆமா சார்" என்றார் முதலாளி, சுவரைப் பார்த்தபடியே.

காந்தங்களைச் செருகி மோட்டாரை ஓட்டினார்கள். அது சூடாகச் சூடாக, மீட்டரையும் முதலாளியின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். மீட்டர் எனக்குப் படிக்கத் தெரியாது. முகம் தெரியும். கடைசியில் முகம் மலர்ந்தது. ஆர்டர் உங்களுக்குத்தான் என்று வந்தவர்கள் சொல்ல, எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் மட்டும் தட்டவில்லை.

"என்னம்மா, உங்களுக்கு சந்தோஷம் இல்லையா?" என்று கோட்டுக்காரர் கேட்டார்.

நிறைய இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். கையை எடுக்கிற நிலைமையிலா இருந்தேன்?