ஒன்றரை மடங்கு வேகம்

பெங்களூரு சந்தாபுராவிலிருந்து கிளம்பும் எங்கள் ஆபீஸ் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் சக ஊழியர் ஒருவர்; ஜன்னலோர இருக்கை எப்போதும் அவருக்குத்தான். கசங்காத சட்டை, காதில் ஹெட்போன். புத்தகம், அறிவியல் உரை, கச்சேரி, எதுவானாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்பார். ஒருநாள் எனக்கும் ஓர் ஆலாபனையை அப்படிப் போட்டுக் காட்டினார். பாடகரை நாய் துரத்துவதுபோல் இருந்தது.

“மிச்சமாகிற நேரத்தை என்ன சார் பண்றீங்க?” என்றேன்.

“இங்கதான் செலவு பண்றேன்” என்று வெளியே அசையாமல் நின்ற வண்டிகளைக் காட்டினார்.

ஒரு காலை ஹெட்போனில் சார்ஜ் இல்லை. ஆம்பூரிலிருந்து அவருடைய அப்பா அனுப்பிய வாய்ஸ் மெசேஜை ஸ்பீக்கரிலேயே போட்டார். அதுவும் அதே வேகத்தில். எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா பேசறதைக் கேக்கக்கூடவா சார் டைம் இல்ல?”

அவர் கோபப்படவில்லை.

“ஸ்ட்ரோக் வந்ததுலேர்ந்து ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துப் பேசறாரு. இப்படி வெச்சா பழைய அப்பாவாட்டமே இருக்கு. கேளுங்க.”

கேட்டேன். சிலிண்டர் இன்னும் வரவில்லை, நீ போன் பண்ணிக் கேட்டாயா இல்லையா என்று ஒருவர் படபடவென்று திட்டிக்கொண்டிருந்தார். அப்பாவிடம் வாங்கும் திட்டை அவ்வளவு ரசித்துக் கேட்ட மகனை நான் அதுவரை பார்த்ததில்லை.