தூக்கி எறிந்த தாய்க்கு ஒரு நாற்காலி

பட்டறைக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். பொய். மூக்கு நுனியில் இருப்பது வெல்டிங் கண்ணாடி. கோபம் இருப்பது இடது காலில். பிறக்கும்போதே வளைந்த கால். அதைப் பார்த்ததும் பெற்றவள் அவரைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். சித்தி வளர்த்தாள், சித்தப்பா இரும்பு அடிக்கக் கற்றுக்கொடுத்தார். பெற்றவள் நேரான கால் உள்ள மூத்த மகனோடு இருந்துகொண்டாள்.

ஐம்பது வயது வரைக்கும் இந்தக் கோபத்துக்குத் துணை கிடையாது. புதிதாகத் திறக்கவிருந்த ஓர் ஓட்டலுக்காகக் கிரேக்க சிம்மாசனம் செய்யச் சொல்லி வந்த உள்ளலங்கார வேலை செய்யும் பெண்தான் துணை பிடித்துக் கொடுத்தாள்.

"உங்கள மாதிரியே ஒரு சாமி இருக்கார் சார். ஹெஃபைஸ்டஸ். கொல்லர். கால் கொஞ்சம் அப்படி."

பட்டறைக்காரருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. தேவலோகத்திலேயே நம்ம ஆள் ஒருத்தன்.

"காலை யார் உடைச்சா?"

"பிறவியிலேயே அப்படித்தானாம். பெத்த அம்மாவே அசிங்கமா இருக்குன்னு மலையிலேருந்து தூக்கிப் போட்டுட்டாங்களாம். கடல்ல விழுந்தவர வேற ரெண்டு பேர் எடுத்து வளர்த்தாங்க."

பட்டறைக்காரர் வெல்டிங் கேஸை மூடினார்.

"அப்புறம்?"

"வளர்ந்ததும் அம்மாவுக்குத் தங்க நாற்காலி செஞ்சு அனுப்பினார். உக்காந்தாங்க, எழுந்திருக்க முடியல. கண்ணுக்குத் தெரியாத விலங்கு. கடைசில ஒரு சாமி வந்து இவருக்குக் குடிக்க ஊத்திக் கொடுத்து, கழுதை மேல ஏத்திக் கூட்டிட்டுப் போய் விடுவிக்க வச்சாராம்."

"ஏன் விட்டான் மடையன்?"

அன்று முழுக்க அந்தக் கடவுளை வைதுகொண்டே இருந்தார். பக்தி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்.

கிரேக்க தேவலோகம் வேறொன்றுமில்லை, பெரிய கூட்டுக்குடும்பம். இங்கே நடப்பதெல்லாம் அங்கேயும் நடக்கும், என்ன, கூடவே இடி இடிக்கும். ஆகவே அந்த மாதமே அண்ணன் பட்டறை வாசலில் வந்து நின்றதில் வியப்பில்லை. அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு போய்விட்டது. கடையில் வாங்கிய சக்கர நாற்காலி அண்ணன் வீட்டுக் குறுகலான கதவில் நுழையவில்லை.

"அளவெடுத்து நீயே ஒண்ணு செஞ்சு குடுடா. வெளி ஆளக் கூப்பிட்டா நல்லாவா இருக்கும்?"

"நான் எப்ப உள் ஆள் ஆனேன்?"

அண்ணன் போனார், கூடப் பிறந்த தங்கையின் புருஷன் வந்தார், கையில் பாட்டிலோடு. "மச்சான், ஒரு வாய் போட்டுக்கிட்டுப் பேசுவோம்." பட்டறைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார். "கழுதை எங்க, வெளிய கட்டியிருக்கியா?" என்றார். மச்சானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் திட்டுதான் என்பது புரிந்தது, கிளம்பிவிட்டார்.

மறுநாள் அளவு நாடாவோடு பட்டறைக்காரரே போனார். எல்லோரும் மனம் இளகிவிட்டதாக நினைத்தார்கள். இளகவில்லை. அவர் மனதில் ஒரு நாற்காலி ஏற்கெனவே தயாராகியிருந்தது.

அவர் இடுப்பளவு எடுக்கும்போது அம்மா தானாகவே ஆரம்பித்தாள். "சித்திக்குப் புள்ள இல்லன்னுதான்டா உன்ன அனுப்பினேன்."

"சரி. அப்ப அண்ணன ஏன் அனுப்பல நீங்க?"

பெற்ற தாயை 'நீங்க' என்பது எப்போதும் மரியாதை ஆகிவிடாது. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

நாற்காலி வந்தது. கதவில் வெண்ணெய் போல நுழைந்தது. ஒரே ஒரு விசேஷம்: பிரேக் முதுகுப் பக்கம். உட்கார்ந்தவர் கைக்கு எட்டாது. பின்னால் ஒருவர் வந்து விடுவித்தால்தான் சக்கரம் நகரும்.

அம்மா கையைப் பின்னால் நீட்டித் துழாவினாள். "எட்டலியேடா."

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் பட்டறைக்காரர் இத்தனை வேலை பார்த்திருந்தார். கேட்டும்விட்டார். இனிக்க வேண்டிய நேரம். அதற்குள் அண்ணன் தோளில் தட்டினார்.

"பிரமாதம்டா. இதுதான் வேணும். காலைல பூட்டிட்டு வேலைக்குப் போனா, சாயங்காலம் வரைக்கும் வச்ச எடத்துலயே இருப்பாங்க. எங்களுக்கும் நிம்மதி."

பட்டறைக்காரருக்குக் காது சுட்டது. பழி வாங்கப் பூட்டிய விலங்கு அண்ணனுக்கு வசதியாக அமைந்துவிட்டதே. தன்னை ஒரு மூலைக்கு அனுப்பிய வீடு அடுத்த மூலைக்கு ஆள் தயார் செய்கிறது, அதற்கு உபகாரமாக இவர் கை வேலை.

"தள்ளி நில்லு" என்றார்.

"என்னடா ஆச்சு?"

"தள்ளி நில்லுன்னேன்ல."

அதே இடத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து போல்ட்டுகளைக் கழற்றினார். பிரேக் கம்பியை முன்னால் இழுத்து வளைத்து அம்மாவின் வலது கைக்குக் கீழே முடுக்கினார். அத்தனை கோபமும் ஸ்பேனரில் இருந்தது. இனி அதை யாராலும் கழற்ற முடியாது.

"பிடிச்சுப் பாருங்க."

அம்மா பிடித்தாள். விடுவித்தாள். சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு, அண்ணன் ஒதுங்கி வழிவிட, கதவைத் தாண்டி வராந்தாவுக்குப் போய் நின்றாள். அங்கிருந்து திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அவனுக்கு ரெண்டு காலும் நேரா இருந்துது. அதான் அனுப்பல."

பட்டறைக்காரர் ஸ்பேனரைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"இத அப்பவே சொல்லியிருக்கலாம்" என்றார்.

காலை இழுத்து இழுத்து அவளைத் தாண்டிப் படியிறங்கினார். கோபம் குறையவில்லை. இறங்கும்போது கைப்பிடிக் கம்பி ஆடுவதைக் கண்டு, எந்த மடையன் வெல்டிங் வைத்தான் என்று அதையும் திட்டிக்கொண்டே போனார்.