செத்தவர்களுக்குச் சிரிப்பு வரைகிறவள்

செத்தவர்கள் தங்கள் படத்தைப் பார்த்துக் குறை சொல்வதில்லை; அதற்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! தூத்துக்குடி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே என் கடை. காலமானவர்களின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தால், எண்ணெய் வண்ணத்தில் பெரிதாக வரைந்து, பதினாறாம் நாள் மாலை போடத் தயாராகக் கொடுத்துவிடுவேன். கல்யாண ஆல்பம் போடுகிறவர்கள், ஜாக்கெட் தைக்கிறவர்கள், மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுகிறவர்கள் எல்லாரும் இதைப் படியுங்கள். ‘உள்ளதை உள்ளபடி செய்யுங்க’ என்று வாயால் சொல்லிவிட்டு, செய்த பிறகு மூஞ்சியைச் சுளிக்கிற ஜனங்களிடம் மாட்டி முழிக்கிற கூட்டம்தானே நாமெல்லாம்?

ஓவியக் கல்லூரியில் ‘கிட்ச்’ என்று ஒரு பாடம் உண்டு. வெளிநாட்டு வார்த்தை. நம் ஊர்க் கணக்கில் ஜிகினா என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளதைக் காட்டினால் கலை, உள்ளதை மறைத்து மினுக்கினால் ஜிகினா என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். எழுதி என்ன பிரயோஜனம்? எனக்குச் சோறு போடுவது ஜிகினாதான். ஆனால் மனசுக்குள் ஒரு வைராக்கியம் மட்டும் விடவில்லை. ஒரே ஒரு முகத்தையாவது இருந்தது இருந்தபடி வரைந்து, ஒரு வீட்டுச் சுவரில் மாட்டவைத்துவிட வேண்டும். ஊரான் வீட்டுச் சுவர் கிடைக்காவிட்டால் என் வீட்டுச் சுவரிலாவது.

கோட்டு

ஏரல் பக்கத்திலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அப்பா தவறிவிட்டார். ஆயுசு பூராவும் வயலில் கிடந்த மனுஷன். அவருக்கென்று இருந்த ஒரே போட்டோ ஆதார் அட்டையில்தான். அந்த அட்டையில் நாம் எல்லாருமே போலீஸ் தேடுகிற ஆள் மாதிரிதான் இருப்போம்; ஆனாலும் அந்தக் கன்னத்து எலும்பையும் வெயில் குடித்த நெற்றியையும் பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. தோளில் ஒரு துண்டு மட்டும் போட்டு வரைகிறேன், ஆள் அப்படியே எழுந்து வந்து நிற்பார் என்றேன்.

பெரியவனுக்குக் கோபம் வந்துவிட்டது. “துண்டா? என்னக்கா, எங்க அப்பாவைக் கூலிக்காரன்னு நெனச்சீங்களா? கோட்டுப் போடுங்க, டை கெட்டுங்க” என்றான். போட்டேன், கட்டினேன். சட்டையே போடாமல் வாழ்ந்தவருக்குக் கழுத்து நெரிவது எனக்கே தெரிந்தது. படத்தை வாங்க வந்த அன்று சின்னவன் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். அப்பா கைநாட்டு என்று முதல் நாள் என்னிடம் சொன்னவனே இவன்தான். “எல்லாம் சரியா இருக்குக்கா, பாக்கெட்டுல ஒரு பேனா மட்டும் சொருகிருங்க. மூடி தங்கக் கலர்ல இருக்கட்டும்.”

மரு

ஆழ்வார்திருநகரியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர். அவர் மனைவி படத்துக்கு ஆர்டர் கொடுத்தது அமெரிக்காவில் இருக்கும் மகள். அந்த அம்மாவுக்கு மூக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு மரு. முகத்தில் முதலில் கண்ணில் படுவதே அதுதான், முகத்துக்கு ஒரு குறும்பைக் கொடுத்ததும் அதுதான். மகள் வீடியோ காலில் வந்து அடுக்கினாள்: மரு வேண்டாம், பல் வரிசையாக இருக்கட்டும், நிறத்தைக் கொஞ்சம் தூக்கிடுங்கோ, மூக்குத்தி நன்றாக மின்னணும். அவள் சொன்னதையெல்லாம் செய்து முடித்தேன். நகைக்கடை காலண்டர் மாதிரி ஒரு அம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள்.

படத்தை வாங்கிக்கொள்ள வாத்தியாரே வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “ரொம்ப லட்சணமா இருக்கா. யாரும்மா இது?” என்று கேட்டார். தமாஷ் பண்ணுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். தமாஷ் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “கொஞ்சம் இருங்க சார், மருவை இப்பவே வச்சிருதேன்” என்று தூரிகையை எடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். “வேண்டாம்மா. ஆசைப்பட்டவ பொண்ணு, அவ கேட்டதே செவுத்துல இருக்கட்டும். மருவை நான் மனசுல வெச்சுப் பாத்துக்கறேன்.”

சோபாவுக்கு ஏற்ற வானம்

துறைமுகத்தில் ஏற்றுமதி ஏஜென்சி வைத்திருக்கும் ஒருவர், புது ஆபீஸ் வரவேற்பறைக்குப் பெரிய படம் கேட்டார். ஹார்பர் படமாக இருக்க வேண்டுமாம். சாவு இல்லாத ஆர்டர்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மத்தியான வெயிலில், நிற்கிற லாரிகளின் நிழலில், துண்டை விரித்துத் தூங்குகிற லோடுமேன்களை வரைந்தேன். பின்னால் துருப்பிடித்த கப்பல், சுவர் மாதிரி. அந்தப் படத்தில் கை வைத்தால் இந்த ஊர் வெயில் சுடும்.

அவர் வந்து பார்த்தார். “என்னம்மா, ஆளுக வேலை செய்யாமத் தூங்குதானுக? வார பார்ட்டி என்ன நெனைப்பான்?” என்றார். பிறகு தனக்கு வேண்டியதைச் சொன்னார்: சூரியன் அஸ்தமிக்கணும், டால்பின் துள்ளணும், முன்னால் ஒரு சிப்பி வாயைத் திறந்து முத்தைக் காட்டணும். இந்தக் கடலில் முத்துக் குளிப்பு நின்று எந்தக் காலமோ ஆச்சே சார் என்றேன். “அதனாலதாம்மா படத்துல வேணுங்கேன்” என்றார். நியாயம்தானே! வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து இதையும் சொல்லிவிட்டுப் போனார்: “சோபா மெரூன் கலர். வானத்தை அதுக்குத் தக்கன போட்டுரும்மா.”

பிரேம்

எனக்குப் பிரேம் போட்டுத் தருகிற பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம், அவர் வேண்டாமென்று விட்டுப்போன அந்த ஹார்பர் படத்தைக் காட்டிப் புலம்பினேன். வயிற்றெரிச்சலை வேறு யாரிடம் கொட்ட? இந்த ஊரில் ஒருத்தனுக்கும் கண் கிடையாதா என்று கேட்டேன். அவர் ரம்பத்தை நிறுத்தாமலே சொன்னார்: “ஏளா, நாலு பக்கமும் தங்கப் பிரேமைப் போட்டு சீரியல் பல்பைச் சுத்திவிட்டா, உள்ள என்ன இருக்குன்னு எவன் பாக்கான்?”

அப்பா

போன கோடையில் என் அப்பா போய்ச் சேர்ந்தார். உப்பளத்தில் வேலை பார்த்தவர். வெள்ளை வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, புருவம் இரண்டும் முடிச்சு விழுந்துபோன முகம். வீட்டுக்கு வந்தாலும் அந்த முடிச்சு அவிழாது. குழம்பில் உப்புக் குறைந்தாலும் தட்டுப் பறக்கும், கூடினாலும் பறக்கும். அவர் செருப்புச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் டிவி தானாக அணைந்துவிடும். அந்த முகத்தைத்தான் வரைய உட்கார்ந்தேன். வாங்க வருகிறவன் கிடையாது, குறை சொல்கிறவன் கிடையாது, சுவர் என் வீட்டுச் சுவர். புருவம், இறுகின உதடு, தாடைத் தழும்பு, எதையும் நான் விடவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் வரைந்ததிலேயே நல்ல படம் அதுதான்.

கொண்டுபோய் அம்மா முன்னால் திருப்பி வைத்தேன். உட்கார்ந்திருந்தவள் சடாரென்று எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அடுக்களை ஓரம் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றாள். அப்பா வாசலில் நுழைகிறபோதெல்லாம் அப்படித்தான் நிற்பாள். எந்த ஓவியருக்கும் இதைவிடப் பெரிய பாராட்டுக் கிடைத்திருக்காது. ஐயோ, எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்றிருந்தது. அங்கே நின்றபடியே அம்மா சொன்னாள். “நல்லாத்தாம்ளா வரைஞ்சிருக்க. அவரேதான். அதான் வேண்டாங்கேன். இருந்த காலம் பூரா இந்த மூஞ்சிக்குப் பயந்தே செத்தேன். போன பெறகாவது எம்மனுசன் என்னையப் பாத்துச் சிரிக்கட்டும்ளா.”

அந்தப் படத்தைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, புதிதாக இன்னொன்று தொடங்கினேன். அப்பா சிரித்த போட்டோ ஒன்றுகூட வீட்டில் இல்லை. தம்பியை எதிரே உட்காரவைத்து, சிரிடா என்று மிரட்டி, அந்த வாயை அப்பாவுக்கு வைத்தேன். புருவத்தை நீவிவிட்டேன். கன்னத்தில் ரோஸ் கலர் பூசினேன். வரைய வரைய அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வைராக்கியம் போனதற்கா, அம்மாவுக்காகவா, எனக்குத் தெரியாது. இப்போது தினமும் அதன் முன்னால் விளக்கேற்றிவிட்டு அம்மா அவரோடு பேசுகிறாள். சாளை மீன் வாங்கியது, கரண்டு போனது, எல்லாம் சொல்கிறாள். நேற்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு படத்துக்கு நேராக நின்று சொன்னாள்: “இன்னைக்குக் குழம்புல உப்புக் கூடிப்போச்சு. என்ன செய்யப் போறீய இப்ப?”

ஆக, துணி சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடப்பது கலை, சுவரில் விளக்கு வாங்கிக்கொள்வது ஜிகினா என்று அன்றைக்குப் பரீட்சையில் எழுதியிருந்தால் பெயில் போட்டிருப்பார்கள்.