அத்தான் வந்தவரோ?

பொறாமை எனக்குப் பிறவிக் குணம். பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கட்டட வாசலோடு ஒட்டிய பார்க்கிங் கிடைத்தாலே அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட எனக்கு அழகான மனைவியும் வாய்த்தால் கேட்கவா வேண்டும்? பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் டிரைவருக்கு 'தேங்க் யூ' சொன்னால், அந்த ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் நான் இறங்குவேன். இதையெல்லாம் இப்போது வெட்கமில்லாமல் எழுதுகிறேன். வெட்கம் அப்போது இருந்திருக்க வேண்டும்.

ஊரில் போர் முடியப்போகிற அந்த மாதங்களில் நாங்கள் கனடாவில், மோர்னிங்சைட்டில் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். நான், மனைவி, மூன்று வயது மகள். எனக்குப் பின்னேர ஷிஃப்ட், காலையில் வீட்டில் நிற்பேன். மனைவியின் ஒரே தங்கை வன்னிக்குள் அகப்பட்டுப்போயிருந்தாள். தாய் தகப்பன் இருவரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியது அக்காவும் தங்கையும்தான். இடம்பெயர்ந்து போகிற வழியில் எங்காவது ஒரு சற்றலைட் போன் கிடைத்தால் தங்கை வரிசையில் நின்று எங்களுக்கு எடுப்பாள். எங்களுக்குக் காலை என்றால் அவளுக்குப் பின்னேரம். இரண்டு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று. நாங்கள் திருப்பி எடுக்க வழி இல்லை. போன் வந்தால் அவள் உயிரோடு இருக்கிறாள். வராவிட்டால் ஒன்றும் தெரியாது. மனைவி குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டுபோனாள்.

வீட்டில் சண்டைக் கதை கதைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். மகள் பயப்படுகிறாள் என்று காரணம் சொன்னேன். பயந்தது நான். எனக்குப் பயமும் சத்தமாகத்தான் வரும். அதனால் போன் அடித்தவுடன் மனைவி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிடுவாள். நான் கதவில் காதை வைத்துவிடுவேன்.

"மாமி வந்தவவோ?" என்று மனைவி கேட்டாள். இது மாசி மாதமாக இருக்கலாம். "வந்து பாத்திட்டுப் போட்டாவோ? பிறகு அத்தானும் வந்தவரோ?" அந்தப் பக்கத்துப் பதில் எனக்குக் கேட்காது. "ஐயோ, கிட்டவோ வந்தவர்?"

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. காரணத்தைச் சொல்கிறேன். மனைவிக்கு ஒரு மாமி, தகப்பனின் தங்கை. அந்த மாமிக்கு ஒரு மகன். எங்கள் வழக்கில் வயதில் மூத்த மாமி மகன் அத்தான், கட்டுகிற முறை. இவளை அவனுக்குத்தான் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. சமாதான காலத்தில் நான் கனடா மாப்பிள்ளையாகப் போய் நடுவில் விழுந்தேன். அக்காவின் புருஷனும் அத்தான்தான், ஆகவே தங்கைக்கு நானும் அத்தான். ஆனால் நான் மோர்னிங்சைட்டில் வாயில் பற்பசையோடு நிற்கிறேனே! வன்னியில் கிட்ட வந்து போகிற அத்தான் யார்?

கலியாண அல்பத்தை எடுத்துப் பார்த்தேன். குடும்பப் படத்தில் ஓரத்திலிருந்து மூன்றாவதாக அவன் நிற்கிறான். என்னைவிட ஒரு சாண் உயரம். தலைநிறையச் சுருள் முடி. மற்றவர்கள் எல்லோரும் கமராவைப் பார்க்க, உவன் மட்டும் வேறு எங்கேயோ பார்க்கிறான். எங்கே என்று கண்டுபிடிக்க ஸ்கேலைக்கூட வைத்துப் பார்த்தேன். மணவறைப் பக்கம்தான் காட்டியது.

அடுத்த முறை போன் வந்தபோது, "இனி ஒவ்வொரு நாளும் வருவாரோ அத்தான்?" என்று கேட்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்னவாம்?" என்றேன்.

"இருக்கிறாளாம்."

"வேற?"

"வேற ஒண்டுமில்லை."

நான் உப்புப் பார்க்கிறவன்போல ரசத்தை நக்கிக்கொண்டு, "உம்மட மாமி ஆக்கள் இப்ப எப்பிடி?" என்று தூண்டில் போட்டேன்.

"அவைக்கென்ன, நல்லா இருக்கினம்."

சொந்தத் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பதே இரண்டு நிமிடப் போனில் தெரிகிற காலத்தில், மாமி வீட்டார் நல்லா இருப்பது மட்டும் இவளுக்கு எப்படித் தெரியும்? என் வழக்கில் தீர்ப்பு அன்றைக்கே எழுதியாயிற்று. அதற்குப் பிறகு, போரை நிறுத்தச் சொல்லிப் பதாகை பிடிக்க அவள் நகரத்துக்குப் போன நாட்களில் நானும் கூடப்போனேன். நாட்டுக்காகப் போகிறேன் என்று ஊர் நினைத்தது. குளிரில் அவளுக்கு யாரோ ஒரு பெடியன் தேநீர் கொடுத்தான். அவனோடும் கோபித்தேன்.

பனி கரைந்துகொண்டிருந்த ஒரு காலை, அவள் மகளையும் கூட்டிக்கொண்டு கீழே லோண்ட்ரி அறைக்குப் போனாள். நிலக்கீழ் அறையில் போன் எடுக்காது. மேசையில் போனை வைத்துவிட்டு, "அஞ்சு நிமிசம். அடிச்சால் எடுத்து, பொறு எண்டு சொல்லிப்போட்டு ஓடிவந்து என்னைக் கூப்பிடுங்கோ. வேற ஒண்டும் கதைச்சு மினைக்கெடாதேங்கோ" என்றாள். அவள் போய் லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் கேட்டது. போன் அடித்தது.

எடுத்தேன். காற்று இரைகிற சத்தம். பிறகு தங்கையின் குரல், ஓடிவந்து கதைப்பதுபோல: "அக்கா, அத்தான் வந்திட்டார். இஞ்சயே வந்திட்டார். நாங்கள் இனி..."

ஓடிப்போய் மனைவியைக் கூப்பிட்டிருக்க வேண்டும். ஒன்பது மாடியையும் படியால் பாய்ந்திருக்க வேண்டும். எங்கே நிற்கிறாய், எங்கே போகப்போகிறாய் என்றாவது கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு.

"எந்த அத்தான்?"

"நீங்களோ... அக்காவிட்டக் குடுங்கோ, கெதியா."

"குடுக்கிறன். முதல்ல சொல்லும், எந்த அத்தான்?"

"எனக்கு எத்தினை அத்தான்? ஒராள்தானே" என்றாள். லைன் அறுந்தது.

என்னை நக்கல் அடிக்கிறாள் என்று நினைத்தேன். மனைவி உடுப்புக் கூடையோடு வந்தபோது, சோப்பு வாசம்கூட எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. "உம்மட அத்தான் வந்திருக்கிறாராம்" என்றேன். "இஞ்சயே வந்திட்டாராம். சந்தோசம்தானே?"

கூடை கீழே விழுந்தது. "எத்தினை பேர் செத்துப்போட்டினமாம்? அவளுக்குக் காயமோ? எங்க போறாளாம்? கேட்டனீங்களோ?" என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உதென்ன கதை? ஆர் அந்த அத்தான்?"

"கிபிர்!" என்று கத்தினாள். "அத்தான் எண்டால் கிபிர். மாமி எண்டால் வண்டு."

வண்டு என்றால் ஆளில்லாமல் பறந்து வேவு பார்க்கிற விமானம். கிபிர் என்றால் அதன் பின்னால் வந்து குண்டு போடுகிற ஜெட். இவை எங்கள் சனத்தின் வாயில் எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். ஆனால் போனில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள், விமானத்தின் பெயரைச் சொன்னால் லைனை வெட்டிவிடுவார்கள் என்று அங்கே ஒரு கதை இருந்தது. அதனால் அக்காவும் தங்கையும் தங்களுக்குள் மறைபெயர் வைத்திருக்கிறார்கள். அரசாங்கங்கள் தங்கள் இரகசிய விமானங்களுக்குப் பொய்ப்பெயர் வைத்துத் திரிகிற உலகத்தில், அந்த விமானத்துக்குக் கீழே பதுங்குகிறவர்களும் ஒன்று வைத்துக்கொண்டார்கள்.

"அவளின்ர பகிடிதான்" என்றாள் மனைவி, நிலத்தில் உடுப்புகளுக்கு நடுவில் இருந்து அழுதுகொண்டு. "கலியாணத்துக்கு முதல் உங்கட அம்மா வந்து வீட்டைச் சுத்திச் சுத்திப் பாத்திட்டுப் போனவ. அடுத்த கிழமை நீங்கள் வந்தனீங்கள். சோத்துக்குள்ள கல்லு எண்டு நீங்கள் போட்ட சத்தத்துக்கு அவள் மேசைக்குக் கீழ போய் ஒளிச்சவள். பதினாலு வயசு. மாமி வந்து பாத்தால் பின்னால அத்தான் வருவார், எல்லாரும் பதுங்க வேணும். உதுதான் பகிடி."

"அப்ப உம்மட மாமி மகன்?"

"அவர் லண்டனில. மொட்டை விழுந்திட்டுது" என்றாள். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை மறைக்கத் திரும்பி நின்றேன். அவள் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு போன் வரவில்லை. வைகாசியில் போர் முடிந்தது என்றார்கள். அப்போதும் வரவில்லை. மனைவி என்னைத் திட்டவில்லை. ஒவ்வொரு நாளும் நான் வேலைக்குச் சப்பாத்துப் போடும்போது முன்னால் வந்து நின்று, "கடைசியா என்ன சொன்னவள்? ஒரு சொல்லும் விடாமல் சொல்லுங்கோ" என்பாள். நான் சொல்வேன். "எந்த மாதிரிச் சொன்னவள்? அழுதவளோ, சிரிச்சவளோ?" சிரித்தவள் மாதிரித்தான் இருந்தது என்பேன். அவள் என்னைப் பார்க்கிற பார்வையை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு அதிக நாள் எடுக்கவில்லை. அது என்னுடைய பார்வைதான். அவளுக்குச் சேரவேண்டிய கடைசிக் குரல் என் காதில் விழுந்துவிட்டது, அந்தப் பொறாமை. எனக்குத் தெரியாத பொறாமையா!

ஆவணியில் ஒரு காலை புது நம்பரில் போன் அடித்தது. இந்த முறை நான் 'ஹலோ'வுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. "அக்கா நிக்கிறாவோ, அண்ணை?" என்றாள் தங்கை. முகாமுக்குள் இருந்து யாரோ ஒருவரின் போனில் எடுத்திருந்தாள். நான் போனை நீட்டினேன். மனைவி அதை வாங்கி, தங்கையின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். தங்கை உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷம் எனக்கும் பொங்கியது. பொங்கி அடங்கிய பிறகுதான் அந்தச் சொல் உறைத்தது. அண்ணை.

ஐந்தாறு வருடம் கழித்து அவள் எங்களுக்குக் கிட்ட அஜின்கோர்ட்டில் இருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தாள். விமான நிலையத்தில் என் கையைப் பிடித்து, "சுகமோ அண்ணை" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவாள். "இன்னும் கொஞ்சம் போடட்டோ அண்ணை?" அக்காவின் புருஷனை யாராவது அண்ணை என்பார்களா என்று ஒரு அன்ரி கேட்டேவிட்டார். தங்கை சிரித்து மழுப்பினாள். காரணம் எனக்குத் தெரியும். எனக்குச் சேரவேண்டிய பெயரை ஒரு கிபிர் கொண்டுபோய்விட்டது. சுருள் முடிக்காரனோடாவது மல்லுக்கட்டலாம். விமானத்தோடு என்ன செய்வது?

அந்த வருடம் புரட்டாதி தொடங்குகிற நீண்ட விடுமுறை. ஒவ்வொரு வருடமும் அந்த நாட்களில் ஏரிப் பக்கம் சண்டை விமானங்கள் சாகசம் காட்டும், சில வேளை எங்கள் கட்டடத்துக்கு மேலாலும் போகும். வெளியில் இருந்து வந்த தங்கைக்கு அதை யாரும் சொல்லிவைக்கவில்லை. நானும்தான். மனைவி கடைக்குப் போயிருந்தாள். தங்கை குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். வானம் கிழிந்ததுபோல ஒரு சத்தம். கத்தி விழுந்தது.

"அத்தான்! அத்தான்!"

என் காது குளிர்ந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒரு கணம் முழுக்கச் சந்தோஷப்பட்டேன். ஓடினேன். அவள் சாப்பாட்டு மேசைக்குக் கீழே இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாள். நான் முழங்காலில் இருந்து தலையை உள்ளே நீட்டி, "இஞ்ச நிக்கிறன் பிள்ளை, அத்தான் இஞ்சதான் நிக்கிறன்" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் ஒதுங்கினாள்.

"உங்களைக் கூப்பிடேல்லை, அண்ணை" என்றாள்.