மகளின் குடலும் என் கோப்பும்

முப்பத்தாறு வருடம் பிரதேச செயலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். மகளின் நோய்க்கும் ஒரு கோப்புத் திறந்தேன். கருப்பைக்குள் இருக்கவேண்டியது போன்றதொரு திசு, இடமாற்றக் கடிதம் எதுவுமின்றி அவளுடைய குடலில் போய்க் குடியேறியிருந்தது. என்டோமெற்றியோசிஸ் என்றார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் எடுத்தது. மாதாமாதம் அவள் சுருண்டு கிடந்தபோது, "எல்லாப் பொம்புளைகளுக்கும் உள்ளதுதானே" என்று விடயத்தை முடித்துவைத்தவர்களில் நானும் ஒருவன்.

பிள்ளை உண்டானால் அடங்கும் என்று ஊரே சொன்னது. உண்டானது; ஏழாம் மாதத்தில் அந்தத் திசு அரித்த இடத்தில் குடல் ஓட்டையாகிவிட்டது. அவள் வலியில் துடிக்க நான் கோப்பைத் தேடினேன்.

"கோப்பு பின்னால வரட்டும், புள்ள முன்னால போகட்டும்!" என்று மனைவி அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அன்றே சத்திரசிகிச்சை. குழந்தையை வெளியே எடுத்தார்கள். குடலில் ஒரு துண்டை வெட்டி, மிச்சத்தைப் பொருத்தினார்கள். பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து வீறிட்டாள். நல்ல அறிகுறியாம். மகளைப் பற்றித்தான் டொக்டருக்கு யோசனை.

"குடல் வேலை செய்யத் தொடங்கினா கீழால காத்துப் பறியவேணும். பறியாட்டி திரும்பவும் வயித்தத் திறக்கவேண்டி வரலாம்."

எங்கள் வீட்டில் அந்தப் பேச்சுக்கே தடை. தடையை விதித்தவன் நான். இப்போது மனைவி வார்ட்டு வாசலிலேயே, "பறிஞ்சதா புள்ள?" என்பாள். கட்டாரிலிருந்து மருமகன், "மாமா, பறிஞ்சதா?" என்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த, ஓட்டமாவடியைச் சேர்ந்த முஸ்லிம் உம்மா, "நான் துஆச் செய்றன் மகள்" என்றார். மனைவி சித்தாண்டி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள். காரணத்தைக் கோயிலில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இரண்டு நாள் ஒன்றுமில்லை. வயிறு உப்பிக்கொண்டு வந்தது. நாளைக்குப் பார்த்து முடிவெடுப்போம் என்றார் டொக்டர். எங்கள் செயலகக் கந்தோரில் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மனிதர் உண்மையாகவே முடிவெடுப்பவர், அதுதான் பயம்.

மூன்றாம் நாள் மாலை, பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்தது. விதிப்படி எழுந்தேன்.

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க."

மகளின் முகம் சுருங்கியது. பிறகு கேட்டது. சிறியதுதான், ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் உம்மா. மனைவி தாதியைத் தேடி ஓடினாள். நான் நேரத்தைக் குறித்துக்கொள்ளப் பேனையைத் திறந்தேன். எழுத்துத் தெரியவில்லை. கட்டிலில் அமரக் கூடாது என்ற பலகைக்குக் கீழேயே, கட்டிலில் அமர்ந்துவிட்டேன்.

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் தையலைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"எதுக்கப்பா அழுறீங்க? எல்லாப் பொம்புளைகளுக்கும் உள்ளதுதானே."